பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும்

அன்புள்ள குமரா,

நலம். நீ நலமாக இருக்கிறாயா? போனில் பேசாமல் இது என்ன லெட்டர் என்று நினைப்பாய். போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேன்ப்பா, அப்புறம் கூப்பிடுறேன்" என்கிறாய். அந்த அப்புறம் வருவதே இல்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் இரண்டு நீல டிக் விழுகிறது, அதோடு சரி. அம்மா பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கூரியரில் அனுப்புகிறாள். அந்தப் பார்சலுக்குள் இதை வைக்கிறேன். ஊறுகாயைத் திறக்கும்போதாவது கண்ணில் படும்.

டிவி நன்றாக ஓடுகிறது. 55 இஞ்ச் நம் ஹாலுக்குப் பெரிசுதான். அம்மா நாற்காலியை வாசல்படி வரைக்கும் தள்ளிப் போட்டுக்கொண்டு பார்க்கிறாள். பெரியப்பா வந்து பார்த்துவிட்டு, "டிவி மெக்கானிக் வீட்டுக்கு இப்பத்தாண்டா டிவி வந்திருக்கு" என்று சிரித்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். மகன் பெங்களூரிலிருந்து அனுப்பினான் என்று பரமக்குடியில் நான் சொல்லாத ஆள் இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் எமனேசுவரம் வரைக்கும் தெரியும்.

பெட்டிக்குள் பில் இருந்தது. அம்மா பார்க்கவில்லை, நான் பார்த்தேன். விலையைப் பார்த்தேன், விலைக்குக் கீழே எத்தனை மாசம் என்று அச்சடித்திருந்ததையும் பார்த்தேன். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

பொங்கலுக்கு வந்திருந்தபோது புது போனை என் கையில் கொடுத்து, "இது 120 ஹெர்ட்ஸ்ப்பா, திரை செகண்டுக்கு 120 தடவை மாறும். ஒருதடவை இதைப் பாத்துட்டா பழைய 60 ஹெர்ட்ஸைக் கண்ணால பாக்க முடியாது" என்றாய். நானும் விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். உண்மைதான், வழுக்கிக்கொண்டு போகிறது. ஆனால் அதற்கு முந்தின நாள் வரை நீயே அந்தப் பழைய போனைத்தானே பார்த்துக்கொண்டிருந்தாய்? அப்போது கண் வலிக்கவில்லையே. இது எனக்குப் புதுப் பேச்சு இல்லை தம்பி. நாற்பது வருஷமாக இந்தப் பேச்சைக் கேட்டுத்தான் நான் சோறு தின்றிருக்கிறேன்.

நான் வேலை கற்றுக்கொண்ட காலத்தில் நம் பக்கம் சென்னை தூர்தர்ஷன் எட்டாது. 1982-ல் தொடங்கிய இலங்கை ரூபவாஹினிதான் கிடைக்கும். இருபதடிக் குழாய் நட்டு, உச்சியில் ஆன்டெனா, அதில் பூஸ்டர். ஒருத்தன் மாடியில் நின்று குழாயைத் திருகுவான், இன்னொருத்தன் கீழேயிருந்து "வந்திருச்சு, வந்திருச்சு, ஐயோ போச்சு" என்று கத்துவான். புள்ளி புள்ளியாக வரும் கறுப்பு வெள்ளைப் படத்தைத் தெருவே உட்கார்ந்து பார்க்கும். படம் சரியில்லை என்று அப்போது ஒருத்தர்கூட என்னிடம் சொன்னதில்லை. படம் வந்ததே பெரிசு.

அப்புறம் கலர் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வாத்தியார் வீடு. அவரிடம் ஷட்டர் வைத்த மரப்பெட்டி டயனோரா கறுப்பு வெள்ளை செட். துணி போட்டு மூடி, பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்திருப்பார், அவ்வளவு அருமை. எதிர்வீட்டில் கலர் டிவி இறக்கிய மறுவாரம் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "படம் மங்கிப் போச்சுப்பா, டியூப் வீக்குனு நினைக்கிறேன்" என்றார். பின்மூடியைக் கழற்றி எல்லா வோல்டேஜும் பார்த்தேன். டியூப் முதல் நாள் வந்த மாதிரி இருந்தது. கண்ணாடியில் இருந்த தூசியைத் துடைத்து, கான்ட்ராஸ்டைக் கொஞ்சம் ஏற்றிவிட்டு வந்தேன். பத்து நாளில் திரும்பவும் ஆள் அனுப்பினார். செட்டில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு எதிர்வீட்டில் இருந்தது, அதை நான் எப்படி ரிப்பேர் பண்ணுவேன்?

கடைசியில் மதுரையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஷீட் வாங்கி வந்து திரை மேல் மாட்டினார். அப்போது அது நன்றாக விற்றது. மேலே நீலம், நடுவில் இளஞ்சிவப்பு, கீழே பச்சை. வானம், முகம், புல்தரை என்று கணக்கு. செய்தி வாசிக்கிறவருக்குத் தலைமுடி நீலமாகவும் சட்டை பச்சையாகவும் தெரியும். அதைப் பார்த்துவிட்டு அவர் "இப்ப பரவாயில்ல" என்றார். எம்.ஏ. படித்த மனுஷன். அடுத்த தீபாவளிக்கு அந்த டயனோராவை என்னிடமே வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். அதை வாங்கிப் போன நயினார்கோவில்காரர் பல வருஷம் வைத்திருந்தார், குறை சொன்னதேயில்லை. அவர் எதிர்வீட்டில் டிவியே கிடையாது.

அதற்கப்புறம் நான் பார்த்ததெல்லாம் இதே கதைதான். ரிமோட் வந்ததும் நாப் திருகுகிறவர்களுக்கு எழுந்து போக அலுப்பு வந்தது. 2006-க்குப் பிறகு அரசாங்கம் 14 இஞ்ச் கலர் டிவி கொடுத்தபோது, ஓடிக்கொண்டிருந்த கறுப்பு வெள்ளை செட்டுகளை எடைக்குப் போட்டார்கள். தட்டை டிவி வந்ததும் டியூப் டிவி இடத்தை அடைக்கிறது என்றார்கள். அதற்கு முன்னால் அது இடத்தை அடைத்ததே அவர்களுக்குத் தெரியாது. டிவிக்கு மேல் குழந்தை போட்டோவும் பிளாஸ்டிக் பூவும் வைத்திருந்தார்கள்.

ஷோரூமில் ஒரு வித்தை உண்டு, உனக்குத் தெரியாமல் இருக்காது. எல்லா டிவியையும் வரிசையாக மாட்டி வெளிச்சத்தை முழுசாக ஏற்றி, கிளியும் பழமும் ஓடவிடுவார்கள். பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் எதில் வெளிச்சம் அதிகமோ அதைத்தான் கண் நல்லது என்னும். வீட்டில் பக்கத்தில் இன்னொரு டிவியா இருக்கப் போகிறது? 4கே-யில் 83 லட்சம் புள்ளி, ஃபுல் ஹெச்டி-யில் 21 லட்சம் புள்ளி. நான்கு மடங்கு என்கிறார்கள், கணக்கு சரிதான். ஆனால் 43 இஞ்ச் செட்டைப் பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்த்தால் எது எது என்று மெக்கானிக்குக்கே தெரியாது. நம் வீட்டுக்கு 43 இஞ்ச் போதும். இது குறையாகச் சொல்வது இல்லை. அம்மா சந்தோஷமாக இருக்கிறாள்.

உன்னை மட்டும் சொல்வானேன். நம் பழைய 21 இஞ்ச் செட்டை மாடி ரூமில் போட்டிருக்கிறேன். டியூப் வீக்கானபோது எல்.ஓ.டி. என்கிற டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு சுற்று ஒயர் சுற்றி, ஹீட்டர் வோல்டேஜை ஏற்றி, உயிர் கொடுத்து வைத்த செட். நீ பக்கத்தில் நின்று டார்ச் அடித்தாய், ஞாபகம் இருக்கிறதா? போன வாரம் அம்மா கீழே சீரியல் பார்த்துக்கொண்டிருந்ததால் கிரிக்கெட் பார்க்க மேலே போனேன். படம் வந்தது, கலர் வந்தது, ஒரு குறையும் இல்லை. அரை ஓவர்கூடப் பார்க்க முடியவில்லை. பந்து தெரியவில்லை, ஸ்கோர் எழுத்து பொடிப் பொடியாக நெளிகிறது. இரண்டு மாசம் புது டிவி பார்த்ததில் எனக்கே வாத்தியார் வியாதி வந்துவிட்டதோ என்று நினைத்தேன். யோசித்தால் பாதி அதுதான், பாதி அது இல்லை. இப்போது ஒளிபரப்புகிறவர்கள் அகலத் திரையை மனசில் வைத்துத்தான் எழுத்துப் போடுகிறார்கள். சதுரத் திரைக்காரனைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை. வாட்ஸ்அப்பும் அவ்வப்போது பழைய ஆண்ட்ராய்டைக் கழற்றி விட்டுவிடுகிறது. அப்படி வெளியே கைவிட்டுவிட்டால் புதுசு வாங்கித்தான் ஆக வேண்டும், அதை நான் தப்பென்று சொல்லவில்லை. நான் சொல்வது மற்றதை. எதிர்வீட்டைப் பார்த்து வாங்குவதை.

போனும் அப்படித்தான். "முடிஞ்சு போச்சுப்பா, சும்மா வெச்சுக்கோங்க" என்று நீ கொடுத்துவிட்டுப் போனாயே, அதற்குப் பேட்டரிதான் போயிருந்தது. மொபைல் கடைப் பையனும் நானும் சேர்ந்து பின்மூடியைச் சூடு காட்டி, பசை இளகியதும் பிளாஸ்டிக் வில்லையை ஓரத்தில் விட்டு நெம்பிக் கழற்றி, புது பேட்டரி போட்டோம். 1,400 ரூபாய். இப்போது ஒருநாள் முழுக்க நிற்கிறது. லித்தியம் பேட்டரி என்றால் 500 தடவை முழுசாகச் சார்ஜ் ஏறி இறங்கினாலே தெம்பு குறையத்தான் செய்யும். பேட்டரி கிழடானதை போனே கிழடானதாக நினைத்துக்கொள்கிறோம். கிழடான பேட்டரி இருக்கும் ஐபோன்களின் வேகத்தைக் குறைத்தது தாங்கள்தான் என்று ஆப்பிளே 2017 டிசம்பரில் ஒத்துக்கொண்டது. போன் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்கத்தான் அப்படிச் செய்தோம் என்றார்கள். சரி, காரணம் நியாயமாகவே இருக்கட்டும். ஆனால் அதை முன்னாலேயே தெளிவாகச் சொல்லியிருந்தால் எத்தனை பேர் புது போன் வாங்காமல் பேட்டரி மாற்றியிருப்பார்கள்? அப்புறம் 79 டாலர் பேட்டரியை 29 டாலருக்கு மாற்றிக் கொடுத்தார்கள். ஆகவே, இப்போது வைத்திருக்கும் போன் ஸ்லோவானால் உடனே கடைக்குப் போகாதே. பேட்டரியை மட்டும் மாற்று.

புதன்கிழமை காலையில் ஒரு பெண் போன் செய்தது. ஏழேகால் இருக்கும். குமரன் சார் ரெஃபரன்ஸ் கொடுத்த நம்பரா என்று கேட்டது. நல்ல தமிழ், நம் பக்கத்துப் பெண்தான் போல. "சார் போன் எடுக்க மாட்டேங்கிறார்" என்றது. எங்கள் போனையும்தான் எடுப்பதில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன். யாரு என்று அம்மா கேட்டாள், கேபிள்காரன் என்றேன்.

நீ எனக்கு விளக்கம் ஒன்றும் எழுத வேண்டாம். பொதுவாக ஒரு விஷயம் பேப்பரில் பார்த்தேன். வசூலுக்குப் பேசுகிறவர்கள் காலை எட்டு மணிக்கு முன்னாலும் ராத்திரி ஏழு மணிக்குப் பிறகும் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. உன் ஃபிரண்ட்ஸ் யாருக்காவது பயன்படும். வட்டியே இல்லாத தவணை என்று ஒன்று கிடையாது என்று அதே ரிசர்வ் வங்கி 2013-லேயே பேங்குகளுக்கு எழுதியிருக்கிறது. பேரில்தான் பூஜ்யம், வட்டி விலைக்குள்ளேயே இருக்கும். கார்டில் பாக்கி விட்டால் மாசத்துக்கு மூன்று வட்டிக்கு மேல், வட்டி மேலே ஜிஎஸ்டி வேறு. நம் ஊர் மீட்டர் வட்டிக்காரனைத் திட்டிக்கொண்டே இங்கிலீஷ் பேசுகிறவனிடம் போய் நிற்கிறோம். கணக்கில் நீ என்னைவிடக் கெட்டிக்காரன். பத்தாவதில் நூற்றுக்கு நூறு வாங்கினவனுக்கு நான் வட்டிக் கணக்குச் சொல்கிறேன் பார்.

சித்தப்பா அந்த லாரி விஷயத்தில் கடைசிவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை. அதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை.

மீனாவுக்கு ஆவணியில் வளைகாப்பு. தேதி குறித்ததும் சொல்கிறேன். மாப்பிள்ளை விசாரித்தார். கீழத்தெரு வேப்பமரத்தை வெட்டிவிட்டார்கள்.

நான் கடையைக் காலி செய்கிறேன். இப்போது பேனல், அதாவது திரை, போனால் டிவியே போன மாதிரி. புது டிவி விலைக்குப் பேனல் விலை சொல்கிறார்கள். எப்போதாவது திரைக்குப் பின்னால் வெளிச்சம் தரும் பேக்லைட் ஸ்ட்ரிப் மாற்ற வருகிறது, அதை வீட்டுத் திண்ணையிலேயே பார்த்துக்கொள்வேன். உனக்கு வருத்தம் வேண்டாம், எனக்கும் இல்லை. கடை ஓனர் அட்வான்ஸ் எண்பதாயிரத்தை அடுத்த மாசம் திருப்பித் தருகிறேன் என்றிருக்கிறார். எனக்கும் அம்மாவுக்கும் இப்போதைக்குச் செலவு ஒன்றும் இல்லை, பேங்கில் சும்மாதான் கிடக்கும். உன் அக்கவுண்டில் போட்டு வைக்கிறேன். எதற்கு என்று நான் கேட்க மாட்டேன், நீயும் சொல்ல வேண்டாம். முதலில் எதில் வட்டி அதிகமோ அதை முடித்துவிடு.

வளைகாப்புக்குக் கட்டாயம் வா. வெறுங்கையோடு வா. வாஷிங் மெஷின், ஏசி என்று எதையும் ஆர்டர் போட்டுவிடாதே. போன தடவை நீ ஏசி பேச்சு எடுத்ததிலிருந்து அம்மா ஃபேனைக் குறை சொல்ல ஆரம்பித்திருக்கிறாள். ஃபேன் நன்றாகத்தான் சுற்றுகிறது, கண்டென்சர் மாற்றிவிட்டேன்.

இந்த லெட்டரைப் பற்றி அம்மாவிடம் பேசாதே. தவணை என்று தெரிந்தால் அவள் அந்த டிவியைப் போடவே மாட்டாள்.

இப்படிக்கு,
அப்பா