நோர்வே சேரலாமா என்று கேட்ட மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே லண்டனில் எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலியும் முன்னைக்கு இப்போது பரவாயில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. கடையில் சனம் நின்றது, உன் பக்கத்தில் பேரன் கத்திக்கொண்டிருந்தான். நோர்வேயில் இன்னொரு வாக்கெடுப்பு வந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வதற்குப் போடுவதா, வேண்டாம் என்று போடுவதா என்று கேட்டாய். மருமகன் சேரலாம் என்கிறார், அவருடைய அப்பா, உன் மாமா, கூடவே கூடாது என்கிறார், நடுவில் நீ. நோர்வேக் குடியுரிமை எடுத்த பிறகு உனக்கு வந்த முதல் தலையிடி இதுவாகத்தான் இருக்கும்.

நானாக இருந்தால் சேரத்தான் போடுவேன். ஆனால் மருமகன் சொல்கிற காரணத்துக்காக இல்லை. பிரித்தானியா வெளியேறிப் பட்ட பாட்டைப் பார்த்தாவது நோர்வே உள்ளே போக வேண்டும் என்கிறார் அவர். எனக்கு அது பொருந்தி வரவில்லை. வெளியேறுவது வேறு, சேராமல் இருப்பது வேறு. பிரித்தானியா 1973இல் சேர்ந்து, 47 வருடம் உள்ளே இருந்து, சட்டம், துறைமுகம், தொழிற்சாலை என்று எல்லாவற்றையும் அதற்கேற்ற மாதிரி அமைத்துக்கொண்ட பிறகு பிய்த்துக்கொண்டு போனது. வட அயர்லாந்தில் எல்லையை எங்கே போடுவது என்ற ஒரு கேள்வியே வருடக்கணக்காக இழுபட்டது. பிரதமர் தெரேசா மே பதவியை விட்டதற்கும் அதுதான் முக்கிய காரணம். நோர்வே முழுதாக உள்ளே போனதே இல்லையே, பிய்ப்பதற்கு என்ன இருக்கிறது?

வெளியேறுவது எப்போதும் பைத்தியக்கார வேலை என்றும் நான் சொல்ல மாட்டேன். கிறீன்லாந்து டென்மார்க்கோடு சேர்த்து 1973இல் உள்ளே இழுக்கப்பட்டது. 1982இல் வாக்கெடுத்து, 1985இல் வெளியே போய்விட்டது. ஐம்பதாயிரம் பேர், பெரிய பிரச்சினை என்று பார்த்தால் மீன் ஒன்றுதான். பேசி முடித்தார்கள். அவர்களுடைய தீர்மானம் அவர்களுக்குச் சரி.

லண்டன் கதையில் என் மனதில் ஒட்டிக்கொண்டது வேறு. வெளியேறுவதா இருப்பதா என்று இங்கே வாக்கெடுத்த 2016 யூன் மாதம் நம் கடையில் பகுதிநேரமாக நின்ற மதுரைப் பெடியனை உனக்கு ஞாபகம் இருக்கும். படிக்க வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, அவனுக்கு வாக்கு இருந்தது. இந்தியக் கடவுச்சீட்டு, பொதுநலவாய நாடு, இங்கே வசிக்கிறான், போதும். எனக்கும் அம்மாவுக்கும் இல்லை. நாங்கள் நெதர்லாந்துப் பிரஜைகள். ஒன்றியத்து ஆட்களில் அயர்லாந்து, மால்ட்டா, சைப்பிரஸ்காரருக்கு மட்டும்தான் அந்த வாக்கெடுப்பில் இடம் கொடுத்தார்கள். பழைய இலங்கைக் கடவுச்சீட்டை மாற்றாமல் வைத்திருந்தால் நானும் வரிசையில் நின்றிருப்பேன்! அகதியாக வந்து, டச்சு படித்து, எவ்வளவு பாடுபட்டு எடுத்த கடவுச்சீட்டு அது. ஹரோவில் வரி கட்டுகிறேன், பிள்ளைகள் இங்கே படிக்கின்றன, நான் இங்கே இருக்கலாமா என்பது பற்றிய வாக்கெடுப்பு, எனக்கு வாக்கில்லை. அந்தப் பெடியன் வந்து, "அண்ணே, எதுக்குப் போடட்டும்?" என்று கேட்கிறான். இருக்கச் சொல்லிப் போடு என்றேன். போட்டானோ என்னவோ, அன்றைக்கு லண்டனில் வெள்ளம் நிற்கிற அளவுக்கு மழை.

52க்கு 48 என்று வெளியேறுவதாக முடிந்தது. நாங்கள் இங்கேயே தொடர்ந்து இருக்கிறோம் என்று கைப்பேசியில் கடவுச்சீட்டைப் படம் பிடித்து விண்ணப்பம் போட்டு, அவர்கள் சரி என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்கள். கையில் ஒரு அட்டைகூட இல்லை. பிரித்தானியக் குடியுரிமை எடுக்கலாம்தான், ஆனால் எடுத்தால் நெதர்லாந்துக் குடியுரிமை போய்விடும், அந்த நாட்டுச் சட்டம் அப்படி. உனக்கு அந்தச் சிக்கல் வராததற்குக் காரணம் மருமகன் நோர்வேக்காரராக இருந்ததுதான். கட்டியவரின் நாட்டுக் குடியுரிமையை எடுத்தால் டச்சுக்காரர் விட்டுவிடுகிறார்கள்.

இதையெல்லாம் புலம்பலாக எடுக்காதே. எனக்குப் பெரிய நட்டம் வரவில்லை. கடைக்கு ஹொலண்டிலிருந்து வரும் உறைந்த மீன் பெட்டிகளுக்குத்தான் தலைவலி கூடியது. முன்பு இரவு ஏற்றினால் காலையில் கடை வாசலில் இருக்கும். இப்போது சுகாதாரச் சான்றிதழ், சுங்கப் பத்திரம், 2024 ஏப்ரலில் டோவர் வழியாக வருவதற்கு எல்லைக் கட்டணமும் வந்தது, ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் 29 பவுண்ஸ் வரை, ஒரு அனுப்புகைக்கு அதிகபட்சம் 145 பவுண்ஸ் என்று. பெரிய கடைக்காரர் தாங்குவார்கள். நாலு வகை மீன் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிற என்னைப் போன்றவருக்குத்தான் அது உறைக்கும்.

நான் சொல்ல வந்தது என்னவென்றால், 2016இல் நான் இருந்த நிலையில்தான் உன் நாடு 1994இலிருந்து இருக்கிறது.

நோர்வே ஒன்றியத்தில் இல்லை, ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில் இருக்கிறது. சந்தைக்குள் பொருள் விற்கலாம், ஆட்கள் வந்து போகலாம். நீ நெதர்லாந்துக் கடவுச்சீட்டோடு ஒஸ்லோவில் இறங்கிப் பதிவு செய்துவிட்டு நேரே வேலைக்குப் போனது அதனால்தான். பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருந்த உன் தோழி, பிரித்தானியா வெளியேறிய பிறகு அங்கே கலியாணம் செய்து போனபோது குடும்ப விசாவுக்கு அலைந்த கதையை நீயே சொன்னாய். நல்ல ஏற்பாடுதான், ஆனால் சந்தையின் சட்டங்கள் பிரசெல்ஸில் எழுதப்படுகின்றன, நோர்வே அவற்றை எடுத்துத் தன் சட்டப் புத்தகத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். எழுதும் மேசையில் அதற்கு வாக்கில்லை. நோர்வே அரசு அமைத்த ஆய்வுக் குழு ஒன்று 2012இல், ஒன்றியத்துச் சட்டங்களில் கிட்டத்தட்ட முக்கால்வாசி நோர்வேக்குள் வந்துவிட்டது என்று எழுதியது. அதோடு ஏழை உறுப்பு நாடுகளுக்கு நோர்வே பணமும் கொடுக்கிறது. வாடகையும் கட்டி, வீட்டு விதிகளையும் கைக்கொண்டு, கூட்டம் நடக்கும்போது மட்டும் விறாந்தையில் நிற்கிற ஆள் மாதிரி.

"வேண்டாம் என்று சொல்லும் உரிமை எங்களுக்கு இருக்கிறது" என்று மாமா சொல்வார். ஒப்பந்தத்தில் இருக்கிறதுதான். 2011இல் தபால் சேவைபற்றிய சட்டம் ஒன்றை ஸ்டொல்டன்பர்க் அரசு ஏற்க மாட்டோம் என்றது. 2013இல் வந்த அடுத்த அரசு அந்த மறுப்பைக் கைவிட்டது. 2025 தொடக்கத்தில் மின்சாரச் சட்டங்கள் மூன்றை ஏற்பதா இல்லையா என்ற சண்டையில் கூட்டணியில் இருந்த சென்டர் கட்சி அரசாங்கத்தை விட்டே போனது. உள்ளே ஒரு கதிரை இல்லாததற்கு, வெளியே அரசாங்கம் உடைகிறது. அதே வருடம் நவம்பரில் ஒன்றியம் தன் கலப்புலோக ஆலைகளைக் காக்க இரும்புக் கலப்புலோக இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டபோது நோர்வேக்கும் ஐஸ்லாந்துக்கும் விலக்குக் கொடுக்கவில்லை. உக்ரைன் போர் தொடங்கியதிலிருந்து ஐரோப்பாவுக்கு எரிவாயு கொடுப்பதில் முதலிடத்தில் இருக்கிற நாட்டுக்கே இந்த மரியாதை.

சரி, இனி மாமாவின் பக்கம். அவர் சொல்வதைக் கிழவன் பிடிவாதம் என்று மருமகன் தள்ளிவிடுகிறாராம். அது பிழை. 1980களில் நோர்வேயின் வடகோடியில் ஃபின்மார்க் பக்கம் நம்மாட்கள் மீன் தொழிற்சாலைகளில் பனியிலும் இருட்டிலும் நின்று மீன் வெட்டியவர்கள். அந்தக் கரையோர ஊர்களில் மீன் இல்லையென்றால் ஊரே இல்லை. 1994இல் நாடு முழுதும் 52 சதவீதம் வேண்டாம் என்றபோது ஃபின்மார்க்கில் கிட்டத்தட்ட நாலில் மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். ஒஸ்லோவில் மூன்றில் இரண்டு பேர் வேண்டும் என்றார்கள். மாமா ஃபின்மார்க் வாக்காளர், மருமகன் ஒஸ்லோவில் வளர்ந்தவர். உங்கள் வீட்டுச் சண்டை நோர்வேயின் பழைய சண்டைதான்.

அவர்களுடைய பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. 1970இல் நோர்வே, பிரித்தானியா, அயர்லாந்து, டென்மார்க் நாலும் சேர்வதற்குப் பேச்சுத் தொடங்குகிற நேரம் பார்த்து, உள்ளே இருந்த ஆறு நாடுகளும் பொது மீன்பிடிக் கொள்கையை அவசரமாக முடிவு செய்தன. எல்லோருடைய கடலும் எல்லோருக்கும் என்பது அதன் அடிப்படை. அந்த ஆறு நாடுகளுக்குப் பெரிதாக மீன்வளம் இல்லை, வாசலில் நின்ற நாலுக்கும் இருந்தது. நோர்வே மீன்பிடி அமைச்சர் கிடைத்த உடன்படிக்கை பிடிக்காமல் 1972இல் பதவி விலகினார், அந்த வருட வாக்கெடுப்பில் 53.5 சதவீதம் வேண்டாம் என்றது. நானாக இருந்தாலும் அன்றைக்கு வேண்டாம் என்றுதான் போட்டிருப்பேன்.

அதற்கு முன்னாலும் கதை இருக்கிறது. நானூறு வருடத்துக்குக் கிட்ட டென்மார்க்கோடு, 1814இலிருந்து சுவீடனோடு கட்டி வைக்கப்பட்ட நாடு அது. 1905இல் சுவீடனை விட்டுப் போவதா என்று கேட்டபோது 3,68,208 பேர் போவோம் என்றார்கள், வேண்டாம் என்றது வெறும் 184 பேர். பெண்களுக்கு அன்றைக்கு வாக்கில்லை. இரண்டு லட்சத்துக்கும் மேலான கையொப்பம் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள், நாங்களும் இதற்குச் சம்மதம் என்று. பெண்கள் எல்லோருக்கும் வாக்கு வந்தது 1913இல். நீ நோர்வே மொழிப் பாடத்தில் இதைப் படித்தாயோ தெரியாது. வாசித்தபோது எனக்கு அந்த 184 பேரைவிட இந்தப் பெண்கள்தான் பெரிதாகத் தெரிந்தார்கள்.

ஆனால் மீனை வைத்தே மாமாவோடு நான் வாதாடுவேன். நோர்வே சால்மன் முழு மீனாக ஒன்றியத்துக்குப் போனால் 2 சதவீதம் சுங்கம். அதையே புகையிட்டு, பொதி செய்து அனுப்பினால் 13 சதவீதம். என்ன நடக்கும்? மீன் முழுதாக ஏற்றப்பட்டுப் போலந்துக்கும் டென்மார்க்குக்கும் போகிறது, அங்கே வெட்டுகிறார்கள், புகையிடுகிறார்கள். மாமா நின்ற மாதிரியான தொழிற்சாலை வேலைகளில் எத்தனையோ அப்படியே எல்லை தாண்டிவிட்டன. வெளியே நின்று கடலைக் காத்தாயிற்று, கத்தி பிடிக்கிற வேலையைக் காக்கவில்லை.

இன்னொன்றும் சொல்வேன். எங்கள் கடல் எங்களுக்கு என்று கத்தித்தான் இங்கே கரையோர ஊர்கள் வெளியேறப் போட்டன. 2025 மேயில் ஸ்டார்மர் அரசு ஒன்றியத்தோடு செய்த உடன்பாட்டில் ஐரோப்பியப் படகுகள் பிரித்தானியக் கடலில் 2038 வரை பிடிக்கலாம் என்று எழுதியாயிற்று. பிடித்த மீனை விற்க வேண்டிய சந்தை அந்தப் பக்கம் இருக்கிறது, பிறகு என்ன செய்வார்கள்?

விவசாயம் பற்றி எனக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை. கட்டிப் பாலாடைக்கட்டிக்கு 277 சதவீதம் வரி போட்டுக் காக்கிற பண்ணைகள் உள்ளே போனால் ஆட்டம் காணும். சுவீடனும் பின்லாந்தும் சேர்ந்தபோது வடக்கு விவசாயிகளுக்குத் தனி உதவி கொடுக்க இடம் வாங்கினார்கள், நோர்வேயும் வாங்கலாம். ஆனால் நீங்கள் எல்லை தாண்டிச் சுவீடனுக்குப் போய் இறைச்சியும் பாலும் மலிவாக வாங்கிக்கொண்டு வருவதைப் பார்த்தால், நோர்வேக்காரரே தங்கள் விவசாயியை அரைகுறையாகத்தான் காக்கிறார்கள் போல இருக்கிறது.

கதிரை கிடைத்தால் மட்டும் என்ன, ஐம்பத்தாறு லட்சம் பேர் சொல்வதை யார் கேட்பார்கள் என்பாய். பின்லாந்திலும் அதே அளவு சனம்தான், ஐரோப்பியப் பாராளுமன்றத்தில் 720இல் 15 இடம். பெரிதில்லை. ஆனால் வெளிநாட்டுக் கொள்கை, வரி மாதிரி விஷயங்களில் ஒரு நாடு மறித்தாலும் நிற்கும். ஹங்கேரி அதை எப்படிப் பாவித்தது என்று செய்தியில் பார்த்தாய்தானே. எனக்கு அது பிடிக்காது, ஆனாலும் சின்ன நாட்டுக்கு உள்ளே பலம் இல்லை என்று சொல்ல முடியாது.

ஆகவே இப்படிச் செய். கருத்துக்கணிப்பில் வேண்டாம் என்பவர்கள்தான் இன்னமும் கூட, அதனால் நாளைக்கே வாக்கெடுப்பு வராது. வந்தால் முதலில் பேச்சுவார்த்தை நடந்து ஒரு உடன்படிக்கை கையில் வரும். அதில் மீன் பகுதியை மாமாவோடு உட்கார்ந்து வாசி, அவருக்குத் தெரிந்த அளவு உன் கணவருக்கும் எனக்கும் தெரியாது. கரையோரப் படகுகளுக்கான கடலைத் திறந்துவிடுகிற மாதிரி எழுதியிருந்தால் மாமா சொல்கிறபடி போடு, நான் கோபிக்க மாட்டேன். அப்படி இல்லையென்றால் சேரப் போடு. மருமகனைத் தன் அப்பாவோடு கத்திப் பேசுவதைக் கொஞ்சம் குறைக்கச் சொல்.

யூலையில் வருகிறோம். அம்மா உனக்கென்று நெய் காய்ச்சி வைத்திருக்கிறாள். பிரித்தானியாவிலிருந்து பால் பொருள் நோர்வேக்குள் கொண்டுவர இப்போது விடமாட்டார்கள் என்று சொன்னால் நம்புகிறாள் இல்லை, நீ ஒருக்கா போனில் சொல்லிவிடு. கருவாட்டுக்குத் தடை இல்லை, அது வரும்.

அன்புடன்,
அப்பா