மூத்த வித்வான்களின் கச்சேரிக்குப் போவது வீணா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எண்பது வயதைக் கடந்த இசைக்கலைஞர்கள் மேடை ஏறுவதை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றும், அவர்களுடைய நல்ல காலத்து ஒலிப்பதிவுகள் கைப்பேசியிலேயே கிடைக்கும்போது தளர்ந்த குரலைக் கேட்கப் பணமும் நேரமும் செலவழிப்பது வீண் என்றும் வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தைத் தங்கள் நாளிதழில் படித்தேன். அவருடைய வருத்தம் உண்மையானது. தாம் உயிராக நேசித்த குரல் உடைவதைக் கேட்டவருக்குத்தான் அப்படி எழுதத் தோன்றும். ஆனால், நாற்பது ஆண்டுகளாக மார்கழிதோறும் கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு வந்து கச்சேரி கேட்டுவருகிற எனக்கு அவருடைய முடிவில் உடன்பாடு இல்லை.

முதுமை குரலை என்ன செய்கிறது என்பதில் ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை. குரல்நாண்களின் தசை மெலிகிறது. குரல்வளையின் குருத்தெலும்பு இறுகுகிறது. மூச்சைப் பிடித்து நிறுத்தும் வலு குறைகிறது. அதனால் ஒரு ஸ்வரத்தை நீட்டி நிறுத்தும் கார்வை குறுகிப்போகிறது, மேல்ஸ்தாயி எட்டாமல் போகிறது, வேகமாக ஓட வேண்டிய பிர்கா உருண்டு வராமல் நடுவில் தட்டுகிறது. பாடகர்கள் சுருதியை அரைக் கட்டை, ஒரு கட்டை என்று இறக்கிக்கொள்வதும் இதனால்தான். இவற்றை மட்டுமே சங்கீதம் என்று எடுத்துக்கொண்டால் வாசகர் சொல்வதே சரி. நான் கேட்கப் போவது இவற்றை மட்டும் அல்ல.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் காலையில், மயிலாப்பூரில் நூறு பேர்கூட உட்கார முடியாத ஒரு சிறிய கூடத்தில் எண்பத்து நான்கு வயது வித்வான் ஒருவர் பாடக் கேட்டேன். அவருடைய பெயரை இங்கே எழுதுவது முறையாகாது. இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். பக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க் இருந்தது. பேகடா ராகத்தை எடுத்தார். மேல் ஷட்ஜத்தை, அதாவது உச்ச ‘ஸ’வைப் பிடிக்கப் போனபோது குரல் இரண்டாகப் பிளந்தது. பின்பாட்டுப் பாடிய சிஷ்யை அந்த இடத்தை அப்படியே ஏந்திக்கொண்டார். பெரியவர் கண்ணை மூடித் தலையை அசைத்தபடி அதைக் கேட்டுவிட்டு, நிதானமாகக் கீழே இறங்கி ‘ம’ ஸ்வரமான மத்திமத்தில் வந்து நின்றார். பேகடாவின் மத்திமமும் ‘நி’ ஸ்வரமான நிஷாதமும் ஸ்வரக்குறிப்பில் எழுதிக் காட்ட முடியாதவை. அந்த நிஷாதம் மேல் நிலையான காகலியிலும் நிற்காது, கீழ் நிலையான கைசிகியிலும் நிற்காது. குருவின் வாயைப் பார்த்துப் பார்த்துத்தான் அது பிடிபடும். அவர் அந்த மத்திமத்தை ஒரே ஒரு முறை அசைத்துவிட்டு நிறுத்தினார். வயலின் வாசித்தவர் அதைத் திருப்பி வாசிக்கவில்லை. வில்லை மடியில் வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊருக்குத் திரும்பியதும், அதே வித்வான் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் பாடிய பேகடாவைக் கேசட்டில் போட்டுக் கேட்டேன். குரல் தங்கமாக இருந்தது. ஒரே வரியை வெவ்வேறு விதமாக அழகுபடுத்திப் பாடும் சங்கதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. ஆனால் நான் அந்தக் காலையில் கேட்ட மத்திமம், அந்த வேகத்தில் யாருக்கும் தெரியாமல் கடந்து போயிற்று. இளமையில் பத்து சங்கதிகளில் சொன்னதை முதுமையில் இரண்டில் சொல்லியாக வேண்டிய நிலை வந்தபோதுதான், எந்த இரண்டு என்பதை அவர் தேர்ந்தெடுத்திருக்கிறார். எதை விட்டுவிடலாம் என்ற அந்தத் தேர்வைக் கேட்கத்தான் நான் போகிறேன். பழைய ஒலிப்பதிவில் அது இருக்க வழியில்லை.

ஒலிப்பதிவே போதும் என்ற வாதத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. 78 சுழற்சி இசைத்தட்டு காலத்தில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் அளவே இடம் கிடைத்தது; அதற்குள் அடங்கியதே அன்றைய பெரியவர்களின் பதிவு. பதிவே கிடைக்காமல் போனவர்களும், மேடையே தாமதமாகக் கிடைத்தவர்களும் ஏராளம். கர்நாடக இசைப் பாடகி பாறசாலை பொன்னம்மாள் திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் பாடிய முதல் பெண்மணி. 2006-இல் அவர் அங்கே பாடியபோது வயது 81. அதுவரை அந்த மண்டபத்தில் பெண்கள் பாட அனுமதி இல்லை. வயது ஆகிவிட்டது என்று சொல்லி அன்று அவரை வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருந்தால், அந்த வழக்கம் இன்னும் எத்தனை ஆண்டுகள் நீடித்திருக்குமோ!

கர்நாடக இசைப் பாடகர் செம்மங்குடி சீனிவாச ஐயரின் குரல் இளமையிலேயே இனிமையானது என்று யாரும் சொன்னதில்லை. மூக்கொலி கலந்த, எளிதில் வசப்படாத அந்தக் குரலை உழைப்பால் ஆட்சிக்குக் கொண்டுவந்தவர் அவர். 1947-இல், நாற்பது வயது நிறைவதற்குள், சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றார். எண்பது வயதுக்குப் பிறகும் பல ஆண்டுகள் பாடினார். குரலின் பொலிவை நம்பி எழுப்பப்படாத சங்கீதத்தை முதுமையால் எளிதில் இடித்துவிட முடிவதில்லை. கர்நாடக இசைப் பாடகர் ஆர்.கே. ஸ்ரீகண்டன் தொண்ணூறைக் கடந்தும் சொல்சுத்தம் குறையாமல் கச்சேரி செய்ததையும் இங்கே சொல்ல வேண்டும்.

போதும் என்று முடிவெடுக்கும் உரிமை பாடுகிறவருக்கு உண்டு. எம்.எஸ். சுப்புலட்சுமி 1997-இல் கணவர் சதாசிவம் மறைந்த பிறகு பொதுமேடையில் பாடுவதை விட்டார். எஸ். ஜானகி 2017 அக்டோபரில் மைசூரில் பாடிவிட்டு விடைபெற்றார். அவை அவர்களே எடுத்த முடிவுகள். எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நாம் வயது வரம்பு விதிப்பது வேறு விஷயம்; அந்த உரிமை நமக்கு இல்லை.

ஏமாற்றம் எனக்கும் நேர்ந்திருக்கிறது. ஒரு பெரிய மைதானத்தில், புகழ்பெற்ற மூத்த திரையிசைப் பாடகர் ஒருவரின் பெயரைச் சொல்லி நடந்த நிகழ்ச்சிக்கு ஐயாயிரம் ரூபாய் கொடுத்துப் போனேன். மூன்று மணி நேரத்தில் அவர் மேடையில் நின்றது அரை மணி நேரம்கூட இருக்காது. அந்த அரை மணி நேரத்திலும் திரையில் தெரிந்த உதட்டசைவும் ஒலிபெருக்கியில் வந்த குரலும் சில இடங்களில் பொருந்தவே இல்லை. முன்பே பதிவுசெய்த குரலைக் கேட்க நான் மைதானத்துக்குப் போயிருக்க வேண்டியதில்லை. அவர் தம் இன்றைய குரலில், கம்மிய குரலாகவே இருந்தாலும், ஒரே ஒரு பாட்டைப் பாடியிருந்தால் நான் நிறைவோடு வீடு திரும்பியிருப்பேன். அன்றைய குற்றம் அவருடைய முதுமையுடையது அல்ல. அந்த முதுமையை மறைக்கப் பார்த்தவர்களுடையது.

கர்நாடக சங்கீத மேடையிலும் இதன் சாயல் வேறு விதமாக இருக்கிறது. முதியவரைக் கௌரவிப்பதாக எண்ணி மாலை நேரத்து இரண்டரை மணி நேரக் கச்சேரியை அவருக்கு ஒதுக்குகிறார்கள். ஆயிரம் பேர் கூடத்தில், உதட்டருகே வைத்த மைக், குரலின் ஒவ்வொரு நடுக்கத்தையும் பெரிதாக்கி எல்லோர் காதிலும் கொட்டுகிறது. போதாததற்கு, மேடையின்மேல் நேராக வீசும் குளிர்சாதனக் காற்று இருக்கிற தொண்டையையும் கட்டிவிடுகிறது. அவரைத் தோற்கடிக்கும் ஏற்பாடுகளை எல்லாம் செய்துவிட்டு, அவர் தோற்றதற்காக நாம் வருந்துகிறோம். வீணை தனம்மாள் சென்னை ஜார்ஜ் டவுனில் தம் வீட்டிலேயே வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார். முதுமையில் கண்பார்வை போன பிறகும், அந்த மெல்லிய நாதத்தைக் கேட்க ரசிகர்களும் வித்வான்களும் மூச்சு விடும் ஓசைகூட எழாமல் உட்கார்ந்திருப்பார்கள் என்று படித்திருக்கிறேன். சிறிய கூடம், காலை வேளை, ஒன்றேகால் மணி நேரம், நன்றாகச் சுருதி சேர்த்த தம்பூரா, கூடவே பாட இரண்டு சிஷ்யர்கள் என்ற இந்த அளவுக்குக் கச்சேரி நடத்தும் சபாக்கள் ஏற்பாடு செய்தால், முன்பு சொன்ன வாசகரும் மனம் மாறுவார் என்று நம்புகிறேன்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். டிசம்பர் கச்சேரிப் பட்டியலை வெளியிடும்போது மாலைக் கச்சேரிகள் பெரிய எழுத்திலும், முதியவர்களின் காலைக் கச்சேரிகள் கண்ணுக்குத் தெரியாத எழுத்திலும் அச்சாகின்றன. சென்ற ஆண்டு நான் கேட்க நினைத்திருந்த ஒரு மூத்த விதுஷியின் கச்சேரியை, அது நடந்து முடிந்த மறுநாள்தான் அந்தப் பட்டியலின் மூலையில் கண்டேன். வரும் மார்கழியில் அவற்றையும் ஒரே அளவு எழுத்தில், கலைஞர் பாடம் கற்ற குருவின் பெயரோடு வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
கும்பகோணம்.