பூஞ்சைக் களிம்புக்கு அடங்காத அரிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

மாதவிடாய் நின்ற பெண்கள் பலர், பிறப்புறுப்பில் அரிப்பு வந்தால் பூஞ்சைத் தொற்று என்று தாங்களே முடிவுகட்டி மருந்துக்கடையில் களிம்பு வாங்கிவிடுகிறார்கள். களிம்பு தடவியும் அரிப்பு திரும்பத் திரும்ப வந்தால் அது ‘லைக்கன் ஸ்க்லிரோசஸ்’ என்னும் தோல் நோயாக இருக்கலாம். இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. உடலுறவால் வருவதும் அல்ல.

அரிப்பு இரவில்தான் கூடும். சிலருக்கு அரிப்பே இராது. அதனால் கைக்கண்ணாடியை வைத்து நல்ல வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. தோல் வெளுத்து, கசக்கிய மெல்லிய காகிதம்போல் சுருங்கியிருக்கும். அந்த வெண்மை யோனி வாயைச் சுற்றிக் கீழிறங்கி, மலவாயையும் வளைத்து 8 வடிவில் படரலாம். ஆங்காங்கே ரத்தம் கன்றிய புள்ளிகளும் மடிப்புகளில் வெடிப்புகளும் தெரியும். வெண்படையிலும் நிறம் போகும். ஆனால் தோல் சுருங்காது, உருவம் மாறாது.

உருவ மாற்றம்தான் பெரும்பாலோர் கண்ணில் படாமல் போவது. உள் உதடுகள் சிறுகச் சிறுகத் தேய்ந்து வெளி உதடுகளோடு ஒட்டி மறைந்துபோகும். கிளிட்டோரிஸை மூடியுள்ள தோல் ஒட்டிக்கொண்டு அதைப் புதைத்துவிடும். யோனி வாய் குறுகினால் உறவின்போது வலிக்கும், தோல் கிழியும். வயதானால் அப்படித்தான் என்று இதை ஒதுக்கிவிடுகிறோம். உதடுகள் வயதில் சற்று மெலிவது இயல்பு, ஒட்டிப்போவது இயல்பல்ல. ஒட்டிய இடம் மருந்தால் பிரியாது. மேலும் ஒட்டாமல் தடுக்கத்தான் மருந்து.

கருப்பை வாய்ப் பரிசோதனை செய்தாயிற்றே என்று இருந்துவிடவும் முடியாது. அதில் செய்யப்படும் ஹெச்பிவி (கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்) சோதனைக்கான மாதிரி உள்ளேயிருந்து எடுக்கப்படுகிறது. வெளித்தோலைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) “வெளித்தோலையும் பாருங்கள், டாக்டர்” என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்பதிலும் தவறில்லை.

வழக்கமாகத் தரப்படுவது குளோபெட்டசோல் 0.05% என்னும் ஸ்டீராய்டு களிம்பு. பரவலாகப் பின்பற்றப்படும் முறை இது: முதல் 4 வாரம் தினமும் இரவில் ஒருமுறை, அடுத்த 4 வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு 4 வாரம் வாரத்துக்கு இருமுறை. ஒரு தடவைக்கு ஆள்காட்டி விரலின் கடைசிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் போதும், அது ஏறக்குறைய அரை கிராம். 30 கிராம் டியூப் மூன்று மாதமும் தாங்கும். சிகிச்சை கெடுவது பெரும்பாலும் இங்கேதான்: ‘ஸ்டீராய்டு’ என்று படித்துப் பயந்தோ, அரிப்பு நின்றதுமோ பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அரிப்பு அடங்கியபின்பும் தோலுக்குள் அழற்சி இருக்கும். சோப்பு, டெட்டால், வேப்பிலைக் கொதிநீர் எல்லாம் எரிச்சலைக் கூட்டுமே தவிர நோயைத் தீர்க்காது.

பூப்படையாத சிறுமிகளுக்கும் இது வரும். மலவாயில் வெடிப்பு இருப்பதால் வலிக்குப் பயந்து மலத்தை அடக்குவார்கள். வீட்டில் வெறும் மலச்சிக்கல் என்று நினைப்பார்கள். ரத்தக் கன்றலைப் பார்த்து யாரோ தவறாக நடந்துகொண்டதாகச் சந்தேகம் எழுவதும் உண்டு. எதுவானாலும் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

இந்நோய் உள்ளவர்களில் 5 விழுக்காட்டுக்கும் குறைவானோருக்கு அந்த இடத்தில் புற்றுநோய் வரக்கூடும். ஆறாத புண், தடித்த மேடு, கட்டி தென்பட்டால் அடுத்த சந்திப்பு நாள்வரை காத்திராமல் முன்கூட்டியே போய்க் காட்டுங்கள். சிறு தோல் துண்டு எடுத்துச் சோதிப்பார்கள்.

தாதி ஒருவர்,
செங்காங்