கிழவியின் மலை

அன்புள்ள சண்முகம்,

செப்டம்பரில் மகள் வீட்டுக்கு டப்ளின் போவதாக எழுதியிருந்தாய். நல்ல சமயம் பார்த்துத்தான் போகிறாய். நியூகிரேஞ்ச் என்ற கற்காலக் கல்லறை உன் பட்டியலில் எப்படியும் இருக்கும். அதோடு நின்றுவிடாதே. அதே மீத் மாவட்டத்தில், ஓல்ட்காசில் ஊருக்குப் பக்கத்தில் லாக்ரூ குன்றுகள் இருக்கின்றன. அங்கே 276 மீட்டர் உயரமுள்ள கிழக்குக் கார்ன்பான் உச்சியில் உள்ள கற்குவையை அவசியம் பார். அதுவும் கற்காலக் கல்லறைதான். 1860களில் இந்தக் குன்றுகளின் கற்குவைகளை ஆராய்ந்த யூஜின் கான்வெல் ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தைப் பெயராக வைத்தார். இது ‘டி’ (T).

வயது 5,000 ஆண்டுகளுக்கு மேல், குறுக்களவு சுமார் 35 மீட்டர். அடியைச் சுற்றி 37 பெரிய கற்கள் வளையமாக நிற்கின்றன. கிழக்கே வாசல், அதிலிருந்து உள்ளே போகும் குறுகிய நடைவழி, முடிவில் சிலுவை வடிவ அறை. அறையின் கூரை அடுக்குமுறையில் ஆனது. ஒவ்வொரு வரிசைக் கல்லும் கீழ்வரிசையைவிடச் சற்று உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். அது கவிழாமல் வால் பக்கத்தை அமுக்கிப் பிடிப்பது மேலே குவிந்திருக்கும் கற்களின் பாரம்தான். அதனால்தான் குவியல்மேல் ஏறக் கூடாது. காலடியில் கற்கள் சரியச் சரிய பாரம் இடம் மாறும், உள்ளே அடுக்கு தளரும். கட்டுமானம் பாதுகாப்பாக இல்லை என்று சில ஆண்டுகளாக உள்ளே விடுவதில்லை. கிளம்புமுன் நிலைமையை விசாரித்துக்கொள்.

மலைக்கு ‘ஸ்லீவ் நா கல்லீ’ என்று பெயர், கிழவியின் மலை. மடியில் கற்களை அள்ளிக்கொண்டு அந்தக் கிழவி குன்றுக்குக் குன்று தாவினாளாம். தாவிய இடத்திலெல்லாம் மடியிலிருந்து ஒரு கை கல் சிந்தியது. கடைசிக் குன்றில் தவறி விழுந்து கழுத்து முறிந்து செத்தாள். கற்குவைகள் இருப்பதும் அந்தக் குன்றுகளின் தலையில்தான். யாரோ சிந்திவிட்டுப் போன மாதிரித்தான் தூரத்திலிருந்து தெரியும். கிழவியைக் குறிக்கும் அந்த ஐரிஷ் சொல்லுக்கு மூலப்பொருள் ‘முக்காடு போட்டவள்’. வளையத்தின் வடபக்கத்தில் நாற்காலி போல நடுவில் குழிந்த ஒரு பெரிய கல் இருக்கிறது. அது அவளுடைய ஆசனமாம்.

இனி ஒளி விஷயம். பகலும் இரவும் சமமாகும் நாட்களில் உதயச் சூரியன் நேரே நடைவழிக்குள் புகுந்து அறையின் பின்கல்லில் ஒரு கட்டமாக விழும். கிழக்கே பார்த்து நின்றால் சூரியன் மேலேறிக்கொண்டே வலக்கைப் பக்கம், தெற்கே நகரும். ஆகவே உள்ளே ஒளிக்கட்டம் அதற்கு எதிராக, கீழே இறங்கிக்கொண்டே வடக்கே போகும். பின்கல்லைப் பார்த்து நிற்பவருக்கு இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்கு. பூவிதழ் மாதிரி ஆரங்கள் கொத்திய வட்டங்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போகும்.

நியூகிரேஞ்சைவிட இது எனக்கு உசத்தியாகப் படுவதற்குக் காரணம் உண்டு. அங்கே குறி டிசம்பரில் சூரியன் தெற்குக் கோடியைத் தொட்டுத் திரும்பும் நாள். சூரியன் தெற்கே போய்ப் போய் நின்றுவிடும், பல நாள் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் உதிக்கும். நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டால் போதும். இங்கே குறி பகலும் இரவும் சமமாகும் நடுநாள். சூரியன் ஆண்டிலேயே வேகமாக இடம் மாறும் காலம் அது. இரண்டு கோடியையும் கண்டு நடுவைப் பிடித்தார்களோ, நாட்களை எண்ணினார்களோ, எப்படியும் ஓர் ஆண்டு முழுக்கக் கவனிக்காமல் இதைச் செய்திருக்க முடியாது.

செப்டம்பர் 22 அல்லது 23, காலை ஏழு மணிக்கே மேலே இருந்துவிடு. உச்சியில் காற்று பலமாக வீசும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள். வாசலுக்கு நேரே நிற்காதே, உன் நிழலே ஒளியை மறைத்துவிடும். முடிந்தால் மறுநாளும் அதே இடத்தில் நின்று, அடிவானத்தில் ஒரு மரத்தை அடையாளம் வைத்துப் பார். சூரியன் தன் அகலத்துக்கும் சற்று அதிகமாகத் தெற்கே தள்ளி எழும். மேகம் இல்லாமல் இரண்டு காலையும் வாய்த்தால், எவ்வளவு தள்ளியது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
இளங்கோ