இணைப்பில்தான் இருக்கிறது வேலை

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் பிறந்த செய்தி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தாயும் பிள்ளையும் நலம்தானே? லீவு கிடைத்தால் தை மாதம் ஊருக்கு வந்து பார்க்கிறேன்.

தஞ்சாவூரில் எடுத்திருக்கும் அடுக்குமாடி வேலைக்குக் கொத்தனார் கிடைக்கவில்லை, சிங்கப்பூர் மாதிரி பிரீகாஸ்டில், அதாவது சுவரையும் தளத்தையும் தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவந்து பொருத்தும் முறையில் போய்விடலாமா என்று கேட்டிருந்தாய். இதைக் கொஞ்சம் விவரமாகவே எழுத வேண்டும்.

இங்கே சிங்கப்பூரில் வீவக என்ற அரசு வீடமைப்புக் கழகம் கட்டும் வீடுகள் 1980களிலேயே பிரீகாஸ்டுக்குப் போய்விட்டன. இப்போது சில கட்டடங்களில் சுவர், தளம் என்று தனித்தனியாக இல்லாமல் அறையையே பெட்டியாகச் செய்து கொண்டுவந்து அடுக்குகிறார்கள். பிபிவிசி என்பார்கள். கிளமென்டி பக்கம் கிளமென்ட் கேனப்பி என்று 40 மாடியில் இரண்டு கட்டடங்கள், 2019இல் முடிந்தவை. மொத்தம் 1,866 பெட்டிகள். மலேசியாவில் செனாயில் கான்கிரீட் கூட்டை வார்த்து, இங்கே துவாஸில் டைல்ஸ், பெயின்ட், குழாய் எல்லாம் முடித்து, லாரியில் ஏற்றி வந்தார்கள். ஒரு பெட்டி 26 முதல் 31 டன். அதைத் தூக்கும் கிரேனுக்கும், லாரி திரும்பும் சாலைக்கும் நீ எங்கே போவாய்? அதனால் பெட்டியை மறந்துவிடு. படிக்கட்டு, தளம், சுவர் இவற்றை மட்டும் யோசி.

தரம் கூடுமா என்று கேட்டாய். தொழிற்சாலையில் கூடும், சந்தேகமே இல்லை. மழை, வெயில் படாமல் ஒரே ஆள் ஒரே வேலையைத் தினமும் செய்கிறான். டைல்ஸ் வரிசையும் சுவரின் செங்குத்தும் சைட்டில் செய்வதைவிட நேர்த்தியாக வருகின்றன. இங்கே 1989 முதல் கான்குவாஸ் என்று கட்டடத்துக்கு மதிப்பெண் போடும் முறையும் இருக்கிறது, அதனால் கான்ட்ராக்டருக்குப் பயம் உண்டு.

ஆனால் சைட்டுக்கு வந்ததும் கதை மாறுகிறது. இரண்டு துண்டு சேரும் இடம்தான் ஆபத்து. பிரீகாஸ்ட் சுவருக்குள் ஸ்லீவ் என்ற குழல் இருக்கும், கீழிருந்து வரும் கம்பி அதில் நுழையும், கீழ்த் துளை வழியாகக் கிரவுட் என்ற இளகிய சிமென்ட் கலவையை அடைப்போம். மேல் துளையில் கலவை வழிந்தால்தான் உள்ளே நிரம்பியது என்று அர்த்தம். வழியும் முன்பே அடைப்பானை வைத்து மூடிவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. சைட்டில் வார்க்கும் கான்கிரீட்டில் தேன்கூடு மாதிரி ஓட்டை விழுந்தால் பலகை பிரித்ததும் கண்ணில் படும், இதில் படாது. அதனால் ஒவ்வொரு ஸ்லீவுக்கும் ஆள் நின்று பார்த்தே ஆக வேண்டும். கெடு நெருங்கும்போது முதலில் வெட்டப்படுவது அந்த ஆள்தான். ஒரு சைட்டில் இதற்காக நான் வாக்குவாதம் செய்து, அரை நாள் வேலையை நிறுத்த வைத்தேன். மேலதிகாரிக்குக் கோபம். இன்றைக்கும் அதைச் சரி என்றே சொல்வேன். அங்கே மனிதர்கள் குடியிருக்கப் போகிறார்கள்.

வெளிச்சுவர் இணைப்பில் தண்ணீர் புகாமல் சீலன்ட் பசை அடிக்கும் வேலையும் அப்படித்தான். தூசி துடைக்காமல் அடித்தால் ஒட்டாது, அடுத்த பெருமழையில் தண்ணீர் உள்ளே வரும்.

இதையெல்லாம் கைப்பழக்கத்தில் செய்பவர்கள் புதுக்கோட்டை, சிவகங்கைப் பையன்களும் பங்களாதேஷ்காரர்களும்தான். 2024 ஜனவரியில் கட்டுமான நிறுவனங்களில் ஒரு உள்ளூர்க்காரருக்கு ஏழு வெளிநாட்டுத் தொழிலாளர் என்றிருந்ததை ஐந்தாகக் குறைத்தார்கள். ஆள் குறையட்டும், இயந்திரம் வரட்டும் என்பது நோக்கம். எனக்கு அதில் குறை இல்லை. ஆனால் நன்றாகத் தேறிய ஒருவன் ஊருக்குப் போய்விட்டால், அவன் இடத்துக்கு வருபவனுக்கு மறுபடி முதலிலிருந்து சொல்லித் தர வேண்டியிருக்கிறது. அதற்கான நேரத்தை எந்த டெண்டரிலும் யாரும் போடுவதில்லை.

அப்புறம் இன்னொன்று. சுவரை வார்க்கும் அச்சு செய்த பிறகு சுவரை நகர்த்த முடியாது. நம் ஊரில் பாதி வேலையில் வாஸ்து பார்த்து பூஜை அறையை மாற்றச் சொல்வார்கள். வரைபடத்தில் வீட்டுக்காரரிடம் முன்பே கையெழுத்து வாங்கிவிடு.

முன்பணம் கொடுக்கும் முன் அந்த பிரீகாஸ்ட் யார்டுக்கு நேரில் போ. கிரவுட் வேலை அவர்கள் ஆளா, உன் ஆளா என்று எழுத்தில் கேள். உன் ஆள் என்றால் இரண்டு பேரை இப்போதே தேர்ந்தெடு. நான் வரும்போது கூட நின்று செய்து காட்டுகிறேன்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல். பேரன் படம் அனுப்பு.

அன்புடன்,
ராமு