ஸ்டுட்கார்ட்டில் வண்டி வாங்குமுன்

நியூரம்பெர்க்
பிப்ரவரி 8

அன்புள்ள சரவணா,

உன் கடிதம் கிடைத்தது. ஸ்டுட்கார்ட் வேலை முடிவானதில் ரொம்ப சந்தோஷம். மே மாதம் வந்து இறங்கியதும் வண்டி வேண்டும் என்கிறாய். சென்னையில் நிற்கும் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக்கைக் கப்பலில் ஏற்றவா, இங்கேயே என்ஃபீல்டு ஹிமாலயன் 450 எடுக்கவா என்று கேட்டிருந்தாய்.

கப்பலை மற. சுங்கம்கூடப் பெரிய தடை இல்லை. ஆறு மாதத்துக்கு மேல் நீ ஓட்டிய வண்டியைக் குடிபெயரும் சாமானாகக் காட்டி வரியில்லாமல் இறக்க வழி உண்டு. மாட்டிக்கொள்வது பதிவு செய்யும்போதுதான். இந்தியாவில் விற்ற வண்டிக்கு ஐரோப்பிய ஒப்புதல் சான்று கிடையாது. அது இல்லையென்றால் புகை, சத்தம், பிரேக், விளக்கு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிரூபிக்க வேண்டும். ஹெட்லைட்டை மட்டும் எடுத்துக்கொள். நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டுவதால் டிம் ஒளி இடது ஓரத்தை நோக்கி ஏறும்படி லென்ஸ் இருக்கும். இங்கே போக்குவரத்து வலப்பக்கம். அதே ஒளி எதிரே வருபவன் கண்ணில் போய் அடிக்கும். இப்படி ஒவ்வொரு பாகமாகச் செலவழித்தால் வண்டி விலையைத் தாண்டிவிடும். சென்னைப் பக்கத்து ஒரகடம், வல்லம் ஆலைகளிலிருந்து வரும் என்ஃபீல்டே இங்கே ஷோரூமில் ஐரோப்பியச் சான்றோடு நிற்கிறது.

வண்டிக்கு முன்னால் லைசென்ஸைப் பார். இங்கே குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம்தான் இந்திய லைசென்ஸ் செல்லும், அதுவும் ஜெர்மன் மொழிபெயர்ப்போடு. அதற்குப் பிறகு எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் தேற வேண்டும். புதிதாகக் கற்பவனுக்குள்ள கட்டாய வகுப்புக் கணக்கு உனக்கில்லை. ஆனால் தேர்வுக்கு வண்டி தருவது டிரைவிங் ஸ்கூல்தான், அதனால் அவர்களிடம் போகாமல் முடியாது. கண் பரிசோதனையும் முதலுதவி வகுப்பும் உண்டு. எழுத்துத் தேர்வு ஆங்கிலத்தில் எழுதலாம், தமிழில் இல்லை. மே மாதம் வந்தால் கெடு நவம்பரில் முடிகிறது. குளிர் வந்தால் பைக் பாடத்தையே நிறுத்திவிடும் ஸ்கூல்கள் நிறைய. முதல் மாதமே விண்ணப்பம் போட்டுவிடு.

நம் லைசென்ஸ் கார்டில் கியர் வண்டிக்கெல்லாம் ஒரே வகை. இங்கே எஞ்சின் திறனை வைத்து மூன்று வகை: ஏ1 என்றால் 125 சிசி, 11 கிலோவாட் வரை. ஏ2 என்றால் 35 கிலோவாட் வரை. ஏ என்றால் வரம்பில்லை. 24 வயது தாண்டியவன் நேராக ஏ எழுதலாம். ஆனால் தேர்வு வண்டி குறைந்தது 595 சிசி, 50 கிலோவாட். அதில் 3.5 மீட்டர் இடைவெளியில் வைத்த கூம்புகளுக்கு நடுவே நடை வேகத்தில் வளைந்து போகச் சொல்வார்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் சட்டென்று நிறுத்தச் சொல்வார்கள். பின் பிரேக்கை மட்டும் மிதிக்கும் நம் பழக்கம் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். முன் பிரேக்கை வலுவாகப் பிடித்துப் பழகு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் ஏபிஎஸ் பார்த்துக்கொள்ளும். இன்னொன்று: பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருபவனுக்கே முதல் உரிமை. ஒடுங்கிய தெருவிலிருந்து சைக்கிளில் வந்தாலும் சரி.

இனி வண்டி. ஹிமாலயன் 450 நல்ல வண்டிதான், 40 குதிரைத்திறன். ஆனால் சீட் உயரம் 825 மில்லிமீட்டர். சிக்னலில் இரண்டு காலும் ஊன்ற முடியாதவனுக்கு ஸ்டுட்கார்ட் மேடு பள்ளம் தொல்லை. இண்டர்செப்டர் 650 சீட் 804, ஆனால் எடை 200 கிலோவைத் தாண்டும். என்னைக் கேட்டால் முதல் வண்டியாகப் பழைய ஹோண்டா சிபி500எஃப் எடு. சீட் 789, சரியாக 35 கிலோவாட், ஆட்டோபான் நெடுஞ்சாலையில் 120-130-இல் அலட்டாமல் ஓடும். செலவைக் குறைக்கப் பார்த்தால் பழைய பிஎம்டபிள்யூ ஜி310ஆர். நம் ஓசூரில் டிவிஎஸ் தயாரித்தது. ஊருக்குள் சுற்ற அருமை. நெடுஞ்சாலையில் 120 தாண்டினால் எஞ்சின் கத்த ஆரம்பித்துவிடும்.

பழைய வண்டி பார்க்கும்போது நம்பர் பிளேட் ஸ்டிக்கரைப் பார். நடுவில் உள்ள எண் அடுத்த கட்டாயத் தகுதிச் சோதனை ஆண்டு, மேலே நிமிர்ந்து நிற்கும் எண் மாதம். சோதனை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. கெடு நெருங்கிய வண்டி விலை குறைவாக இருந்தால் ஏன் என்று கேள். பிறகு டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண்ணைத் தேடு. 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் ஆழம் இருந்தாலும் ரப்பர் கல்லாகியிருக்கும், மார்ச் மாதக் குளிர் தாரில் அது பிடிக்காது. செயினையும் ஸ்போக்கையும் தடவிப் பார். துரு பொடியாக ஒட்டினால் பனிக்காலச் சாலை உப்பில் ஓட்டிவிட்டுக் கழுவாத வண்டி. பணம் கொடுக்குமுன் பதிவுத் தாள் முதல் பகுதி, இரண்டாம் பகுதி இரண்டும் கையில் இருக்க வேண்டும். இரண்டாம் பகுதி இல்லையென்றால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடு.

வரி பெரிதில்லை. 25 சிசிக்கு 1.84 யூரோ, 471 சிசி உள்ள சிபி500எஃப்-க்கு வருடம் 34 யூரோ. பையைக் கடிப்பது இன்சூரன்ஸ்தான். சென்னையில் விபத்தில்லாமல் ஓட்டிய வருடங்களை இங்கே பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள்.

மார்ச் முதல் அக்டோபர் வரை என்று பருவ நம்பர் பிளேட் எடுத்தால் வரியும் இன்சூரன்ஸும் குறையும். ஆனால் மற்ற மாதங்களில் வண்டி பொதுத் தெருவில் நிற்கவே கூடாது, ஓட்டாவிட்டாலும். எனவே வாடகை வீடு பார்க்கும்போதே கராஜ் கேள். இல்லையென்றால் முழு வருட பிளேட்தான். பருவத்தை ஆறு மாதத்துக்கும் கீழே குறைத்தால் இன்சூரன்ஸில் விபத்தில்லாச் சலுகையும் கணக்கில் ஏறாது. நவம்பரில் நிறுத்தும்போது டேங்கை நிரப்பு, பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வை.

ஹெல்மெட்டை அங்கே வாங்காதே, இங்கே பட்டையில் இசிஇ 22.06 என்ற ஐரோப்பியத் தரக்குறி அச்சிட்டதை எடுத்துக்கொள்ளலாம். அங்கே முடிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. உன் லைசென்ஸ் என்றைக்குக் காலாவதியாகிறது என்று இன்றே பார். ஒரு வருடத்துக்குள் என்றால் விமானம் ஏறுமுன் புதுப்பித்துவிடு, காலாவதியான கார்டை வைத்து இங்கே மாற்ற முடியாது.

வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல். தேதி உறுதியானதும் எழுது.

அன்புடன்,
முரளி