கையைப் பிடிக்காமல் நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மதுரையில் நான் படுத்திருந்த ஆஸ்பத்திரியில், “நாளையிலிருந்து அம்மாவை ஓ.டி.க்குக் கூட்டிட்டு வாங்க” என்று நர்ஸ் சொன்னதும் என் வீட்டுக்காரர் உடைந்துபோனார். ஓ.டி. என்றால் அவருக்கு ஆபரேஷன் தியேட்டர். ஊருக்குப் போன் போட்டு, மண்டையைத் திறக்கப் போகிறார்கள் என்றே சொல்லிவிட்டார். மறுநாள் போய்ப் பார்த்தால் ஒரு மேசை, தட்டு, சொம்பு, நாடா வைத்த பாவாடை, பூட்டும் சாவியும், கூடவே என் மகள் வயதில் ஒரு பெண். ஆக்குபேஷனல் தெரபியாம். தமிழில் தொழில்வழிச் சிகிச்சை. “என் தொழில் இட்லிக் கடை. அதையா கத்துத் தரப்போற?” என்று வாய் குழறக் கேட்டேன். “பல் விளக்குறது, தலை சீவுறது, சாப்பிடுறது எல்லாமே தொழில்தாம்மா” என்றது அந்தப் பிள்ளை.

எனக்குத் தங்கச்சிமடம். போன வருடம் மாசியில், கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு ஊரே கிளம்பிக்கொண்டிருந்த வாரம், இரவு மாவு வழிக்கும்போது கரண்டி கையிலிருந்து நழுவியது. பித்தம் என்று சுக்குக் காப்பி குடித்துவிட்டுப் படுத்தேன். வந்தது பக்கவாதம். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டுமாம். விடியற்காலை 108 வந்து, பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம் சேர்வதற்குள் அந்த நேரம் எப்போதோ முடிந்திருந்தது. தப்பு என்னுடையது. வாய் கோணினாலோ, ஒரு பக்கம் கை விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ சுக்கைத் தேடாதீர்கள், போனை எடுங்கள்.

அப்புறம் போன இடங்களில் ஒன்றில், “நடக்கிறாங்களே, வீட்டுக்குப் போகலாம்” என்று அனுப்பிவிட்டார்கள். நடந்தேன், சரிதான். கக்கூஸ் வரைக்கும் நடந்துபோய், பாவாடை நாடாவை அவிழ்க்க ஆள் கூப்பிட்டேன். ஐம்பத்து நாலு வயதில் அந்த அவமானம் யாருக்கும் வேண்டாம். அதற்குப் பிறகுதான் மதுரை, ஓ.டி., அந்தப் பிள்ளை.

“கையைத் தூக்குங்க” என்று அது முதலில் கேட்கவில்லை. காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிறவரை என்னென்ன செய்வீர்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டது. அதில் எது முதலில் வேண்டும் என்று கேட்டது. கக்கூஸ் என்றேன். இரண்டாவது, வலது கையால் சோறு. நாடாவுக்குப் பதில் எலாஸ்டிக் வைத்ததும் முதல் பிரச்சினை ஒரே நாளில் தீர்ந்தது. இத்தனைக்கும் எங்கள் தெருவிலேயே மூன்று தையல்காரர்கள் இருக்கிறார்கள், யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். சொந்தக்காரர் ஒருவர் பிடித்துப் பிடித்து அமுக்கச் சொல்லி ரப்பர் பந்து வாங்கி வந்திருந்தார். விரல்கள் ஏற்கெனவே உள்ளே மடங்கிக் கிடக்கின்றன, இந்தக் கைக்கு விரிக்கத்தான் பழக்க வேண்டும் என்று சொல்லி அந்தப் பிள்ளை அதை வாங்கி வைத்துக்கொண்டது. பார்க்க வருகிறவர்கள் விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக்கூடாது, தோள்மூட்டு கெடும் என்று என் வீட்டுக்காரரிடம் நாலு தடவை சொன்னது.

என் மருமகளுக்குத்தான் பெரிய நன்றி, அதைவிடப் பெரிய மன்னிப்பு. ரவிக்கை போடும்போது விழுந்த கை முதலில், கழற்றும்போது நல்ல கை முதலில். பாடம் அவ்வளவுதான். ஆனால் ஊருக்கு வந்த முதல் வாரம் ஒரு கையை நுழைக்க இருபது நிமிடம் ஆகும். அவள் தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். “பாத்துக்கிட்டே நிக்கிறியேடி, நீயெல்லாம் மனுசியா?” என்று கத்தினேன். பக்கத்து வீடுகளில் மாமியாரைப் படுத்துகிறாள் என்ற பேச்சு. அவள் யாருக்கும் பதில் சொல்லவில்லை. ஒரு நாள் கை வெளியே வந்ததும் திரும்பிப் பார்த்தால், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கிற அந்த 61 நாளும் என் வீட்டுக்காரர் வீட்டில் இருந்தார். விரல் நுனிகளைச் சேர்ப்பதற்குப் பாசிமணி பொறுக்கச் சொல்லியிருந்தார்கள். எனக்கு அது வெறுப்பாக இருந்தது, சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி. ஒரு நாள் நாட்டுப்படகுக்காரர்களிடம் நெத்திலி வாங்கி வந்து என் முன்னால் கொட்டினார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து தலையைக் கிள்ள வேண்டும், குடல் அதோடு வர வேண்டும். முதல் நாள் பதினொரு மீன், பாதி நசுங்கிப்போனது. பூனைக்கு விருந்து. சனிக்கிழமை வாட்ஸ்அப் வீடியோவில் காட்டினேன். “நான் கொடுத்த பாசிமணியைத் தூக்கிப் போடுங்கம்மா” என்று அந்தப் பிள்ளை சிரித்தது. தடைக்காலம் முடியும்போது கால் கிலோவை நானே சுத்தம் செய்தேன்.

வள்ளம் கட்டுகிற ஆசாரி அண்ணன் ஒரு பலகையில் இரண்டு துருப்பிடிக்காத ஆணியை அடியிலிருந்து மேலே அடித்துக் கொடுத்தார். வெங்காயத்தை அதில் குத்தி வைத்தால் ஒரு கையாலேயே நறுக்கலாம். காசு வாங்கவில்லை. பிளம்பர் தம்பி, குளியலறையில் பிடித்துக்கொள்ள இரும்புக் குழாய் வைத்தால் இந்த உப்புக் காற்றில் துருவேறிக் கையைக் கிழிக்கும் என்று எவர்சில்வர்க் குழாய் தேடி அலைந்தார். அந்தப் பிள்ளை அம்மாவோடு அக்னி தீர்த்தத்தில் குளிக்க வந்தபோது, வீட்டுக்கு வந்து அந்தக் குழாயில் தொங்கிப் பார்த்துவிட்டுத்தான் காப்பி குடித்தது. மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர் மாத்திரை கொண்டுவரும் அக்காவுக்கும், நடை சரிபார்க்க வந்த பிசியோதெரபி தம்பிக்கும் கும்பிடு.

சோற்றுக்கு வருகிறேன். பிசைந்துவிடலாம், உருட்டிவிடலாம். வாய்க்குக் கொண்டுபோனதும் கட்டைவிரல் பின்னாலிருந்து தள்ள வேண்டும், அதுதான் தள்ளவில்லை. சைக்கிள் ட்யூப் சுற்றிய கரண்டியில் தொடங்கி, குழைந்த பொங்கல், தயிர்சாதம், குழம்புச் சோறு என்று ஒவ்வொரு படியாக ஏற்றினார்கள். நடுவில் இரண்டு கல்யாணத்துக்குப் போகவில்லை, பந்தியில் இடது கையை நீட்ட மனம் வரவில்லை. இந்தத் தை மாதம் அண்ணன் பேத்தி கல்யாணத்தில் இலை போட்டு உட்கார்ந்தேன். மருமகள் எதிர்ப்பக்கம், கையைப் பின்னால் கட்டவில்லை, அவள் பாட்டுக்குச் சாப்பிட்டாள்.

ரசம் மட்டும் இன்னும் முழங்கை வரை வழிகிறது. சனிக்கிழமை அந்தப் பிள்ளையிடம் அதைத்தான் கேட்க வேண்டும்.